உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்

ரோக்காமெல்லா,
மே 26, திங்கட்கிழமை காலை.

டூரின் மாநகரில் வாழும் என் மதிப்புக்குரிய மைத்துனர் சவேரியோ அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எகிடியோ ஸ்பதஃபோரா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் எர்சிலியாவும் நலம். என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை, அதை விடுங்கள். உங்கள் நலமும், ரொசால்பா அக்காவின் நலமும், உங்கள் சிறுநீரகக் கல் வெளியே வந்ததா இல்லையா என்பதும் அறிய ஆவலாக இருக்கிறோம். போன மாதம் அனுப்பிய உலர்ந்த மிளகாய் வந்து சேர்ந்ததா என்று நீங்கள் இன்னும் எழுதவில்லை. அதையும் விடுங்கள், மச்சான். இன்று நான் பேனாவை எடுத்தது மிளகாய்க்காக அல்ல.

நேற்றைய ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் உங்களுக்குக் காட்டியது பந்தை மட்டும்தான். இந்த ஊர் என்ன செய்தது என்பதை ஒருவரும் காட்டியிருக்க மாட்டார்கள். முப்பத்தெட்டு வருஷம் கழித்து நம் கிளப் முதல் பிரிவுக்கு வந்ததும், வந்த நாளிலிருந்து எல்லோரிடமும் உதை வாங்கியதும், கடைசி ஞாயிறு மிச்சமிருக்கையில் ஒரே ஒரு புள்ளி கிடைத்தால் தங்கலாம், கிடைக்காவிட்டால் மறுபடி கீழே போகவேண்டும் என்ற நிலைக்கு வந்து நின்றதும் உங்களுக்குத் தெரியும். அந்தக் கடைசி ஞாயிறு, எங்கள் மைதானத்துக்கு வந்தவர்கள் யார்? உங்கள் ஊர்க் கறுப்பு வெள்ளைச் சட்டைக்காரர்கள். அவர்களும் மிலான்காரர்களும் பட்டத்துக்குச் சரிக்குச் சரி நின்றார்கள். அவர்கள் ஜெயித்தால் பட்டம் டூரினுக்கு, இல்லையென்றால் மிலானுக்கு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதே கதைதான். ஒரு வருஷம் டூரின், மறுவருஷம் மிலான், அங்கே ஒன்றுக்கு இரண்டு கிளப், எப்போதாவது தவறிப்போய் ஒரு நேப்பிள்ஸ், ஒரு ரோம். மற்ற ஊர்க்காரர்கள் இவர்களுக்கு மைதானத்தைச் சுத்தம் செய்து கொடுப்பதற்காகவே பிறந்தவர்கள் போலிருக்கிறது.

ஏன் இப்படி என்று நான் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? தொலைக்காட்சிப் பணத்தில் ஒரு பங்கை, எந்தக் கிளப்பை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணித்தான் பிரிக்கிறார்களாம். நம் ஊரில் ஒருவன் சோபாவில் சாய்ந்துகொண்டு உங்கள் டூரினைப் பார்த்தால், அந்தச் சோபா டூரின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். அந்தக் காசில் அவர்கள் நமக்குக் கோல் போடுகிறவனை வாங்கிக்கொண்டு போவார்கள். அவன் போன வருத்தத்தில், அவன் எப்படி ஆடுகிறான் என்று பார்க்க இன்னும் நாலு சோபா டூரினுக்குப் போகும். பிப்ரவரியில் ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். கால்பந்து ரசிகர்களைப் பற்றிக் கணக்கெடுக்கிறார்களாம்.

"ஐயா, நீங்க எந்த கிளப்போட ஆளு?"

"ரோக்காமெல்லா!" என்று கூரை பறக்கச் சொன்னேன்.

"அது சரிங்கய்யா, அது உங்க ஊரு. நான் கேக்கறது கிளப்பு."

போனை வைத்துவிட்டேன். அன்று எர்சிலியா செய்த கத்தரிக்காய்ப் பார்மிஜானா எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அதன் பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்னுடையதுதான், மறைக்க மாட்டேன். மைதானத்தில் நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் ரயில் நிலையத்தில் "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று மைக்கில் சொன்னவன், ஒரு நாளும் வருந்தாதவன், நீங்கள் கார்த் தொழிற்சாலை வேலைக்குப் போன ரயிலையும் ஐம்பது நிமிஷம் தாமதமாக அறிவித்து அனுப்பியவன், இப்போது பதினோரு வருஷமாக மைதானத்துக்கே குரல். நாம் கோல் போட்டால் நான் போட்டவனின் பெயரை மூன்று தடவை கூவுவேன், ஒவ்வொரு தடவையும் கூட்டம் அவன் குடும்பப் பெயரைத் திருப்பிக் கூவும். எதிராளி கோல் போட்டால் பெயரை ஒரே தடவை, சரக்கு ரயிலை அறிவிப்பது போல, சத்தில்லாமல் சொல்லிவிட்டு மைக்கை மூடிவிடுவேன். இதில் என்னை மிஞ்ச இந்தத் தெற்கில் ஆளில்லை. அந்த உரிமையில் நம் கிளப் தலைவர் லோஃப்ரேதோவிடம், தக்காளி டின் தொழிற்சாலைக்காரர்தான், நேரே போய் நின்றேன். கடைசி ஆட்டத்துக்கு டிக்கெட்டை நம் மாவட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் விற்கவேண்டும், அடையாள அட்டையைக் காட்டி வாங்கவேண்டும், டூரினிலிருந்து ஓர் ஈ கூட உள்ளே வரக்கூடாது, பதினாலாயிரம் பேரும் நம் ஆட்களாக இருக்கவேண்டும் என்றேன். அவர்களிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் தொண்டையாவது இருக்கட்டும் என்றேன்.

லோஃப்ரேதோ எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "எகிடியோ, நீ ரயில்வேயில வீணாப் போயிட்டய்யா! மந்திரியா இருந்திருக்க வேண்டிய ஆளு!"

மந்திரி ஆகாமல் போனது நாட்டுக்கு நல்லது என்று இப்போது தெரிகிறது.

டிக்கெட் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்தது. எனக்கு அப்போதே உறைத்திருக்கவேண்டும். நாம் மற்ற சிறிய ஊர்க் கிளப்புகளோடு மோதியபோது பாதி மைதானம் காலியாகக் கிடந்ததே, இப்போது மட்டும் இவ்வளவு பாசம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வியாவது கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக நான் சந்தேகப்பட்ட ஒரே ஆள் யார் தெரியுமா? உங்கள் தங்கை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பும் கறுப்பு வெள்ளைக் காலண்டரை அடுப்பங்கரையில் மாட்டுகிறாள் அல்லவா? ஞாயிறு காலை அவளை உட்காரவைத்து, "மனசைத் தொட்டுச் சொல்லு, நீ யார் பக்கம்?" என்று கேட்டேன். "காலண்டர் அண்ணன் அனுப்பினது. அதுல தேதி பார்ப்பேன். உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்றாள். நான் நம்பவில்லை.

ஆட்டம் தொடங்கியது. வெளியூர் ரசிகர்களுக்கான கம்பிக் கூண்டு காலி. காலிக் கூண்டைச் சுற்றி நாற்பது போலீஸ்காரர்கள் காவல். மற்ற இடமெல்லாம் நம் கிளப்பின் மஞ்சள் பச்சைத் துண்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மச்சான், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. முப்பத்தொன்றாவது நிமிஷம் உங்கள் வடக்கத்திக்காரர்கள் வாங்கிய அந்த நெட்டைக்காரன் தலையால் முட்டிக் கோல் போட்டான். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முடிந்த மட்டும் சத்தில்லாமல், "டூரினுக்காகக் கோல் போட்டவர், ஒன்பதாம் எண், ஹென்ரிக்..." என்றேன். மூச்சு விட ஒரு நொடி நிறுத்தினேன். அவ்வளவுதான்.

"ஸோல்பெர்க்!"

பதினாலாயிரம் பேர். அடையாள அட்டை காட்டி வந்த பதினாலாயிரம் பேர். மைக் என் கையில் அதிர்ந்தது. நான் தப்பாகக் கேட்டேனோ என்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால், மஞ்சள் பச்சைத் துண்டு ஒன்றைக்கூடக் காணோம். துண்டைத் திருப்பிப் பிடித்திருக்கிறார்கள். அடிப்பக்கம் கறுப்பு வெள்ளை தைத்திருக்கிறது. யாரோ தைத்து விற்றிருக்கிறான், மச்சான், இந்த ஊரில் உழைப்பாளிகளே இல்லை என்று யார் சொன்னது?

இடைவேளையில் நான் என் அறிவிப்புப் பெட்டியை விட்டு இறங்கி ஓடினேன், இந்த முழங்காலோடு. முதல் வரிசையிலேயே நம் பங்குச்சாமி தொன் கதால்தோ, வியர்த்து வழிந்துகொண்டு நிற்கிறார்.

"சாமி, நீங்களுமா?"

"கோபப்படாத எகிடியோ. காலைப் பூசையில நம்ம ஊரு தங்கணும்னு முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினேன். சத்தியமா பண்ணினேன்."

"பின்ன இப்பக் கத்துனது?"

"ஜெபம் ஊருக்கு. கத்துனது எனக்கு."

பக்கத்தில் முடிதிருத்துபவர் மிம்மோ. முப்பது வருஷமாக என் தலை அவர் கையில்தான். "ஏய்யா மிம்மோ, நாம கீழ போனா உனக்குச் சம்மதமா?" என்று கேட்டேன். "போனா என்ன, மறுபடி மேல வருவோம், மறுபடி கீழ போவோம்" என்றார். "மனுஷன் வாழ்க்கையில ஏதாவது ஒண்ணுல ஜெயிக்க வேண்டாமா? கடையில ஜெயிச்சேனா? வீட்டுல ஜெயிச்சேனா? ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் ஜெயிச்சுட்டுப் போறேன், விடுங்க." இந்த லீக்கில் எல்லோரும் சமமாக வேண்டும் என்று இவர்கள் பாரில் உட்கார்ந்து மேசையைக் குத்துகிறார்கள், மந்திரியைத் திட்டுகிறார்கள், தொலைக்காட்சிக்காரனைத் திட்டுகிறார்கள், குத்தி முடித்துவிட்டு அதே மேசையில் டூரின் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். அடுத்த வருஷம் நாம் இரண்டாம் பிரிவில் கிடந்து அழிந்தால் அதற்குக் காரணம் ரோமிலும் இல்லை, மிலானிலும் இல்லை. முதல் வரிசையில் ஜெபம் பண்ணிக்கொண்டு நிற்கிறது.

எண்பத்தேழாவது நிமிஷம் நமக்கு ஒரு கார்னர். நம் பின்வரிசைக்காரன், ஐந்தாம் எண், தொனாத்தோ க்ரியேகோ, பழைய தபால் நிலையத்துக்குப் பின்னால் குடியிருக்கிறானே, அவனேதான், முட்டியில் பட்டதோ முதுகில் பட்டதோ, பந்து உள்ளே போய்விட்டது. ஒன்றுக்கு ஒன்று. அந்த ஒரு புள்ளி! நாம் முதல் பிரிவில் தங்குகிறோம்! மைக்கில் "தொனாத்தோ!" என்று கூவினேன். பதில் இல்லை. கல்லறைத் தோட்டம் போல இருந்தது. பட்டம் கைநழுவியதில் ஊரே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டாம் தடவை "தொனாத்தோ!" என்றேன். அப்போது மேற்குப் பக்கம் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல், கீச்சென்று, "க்ரியேகோ!" என்றது. மூன்றாம் தடவையும் அதே ஒரே குரல். எழுந்து நின்று, கைப்பையைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு, தனியாக, உங்கள் தங்கை எர்சிலியா. எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது. என்னை நினைத்து அவமானமாக இருந்தது.

ஆகவே, மச்சான், இன்று முதல் என் வீட்டில் டூரின் என்ற பேச்சுக்கு இடமில்லை. காலண்டர் அனுப்பவேண்டாம். நீங்களும் உங்கள் வயதில் ஒரு நல்ல காரியமாகச் சின்னக் கிளப் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் நேர்மையானவர்கள் இரண்டே பேர், அந்த இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். மரியாள் உங்களையும் ரொசால்பா அக்காவையும் காப்பாளாக. கல் சுகமாக இறங்கட்டும். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

என்றும் உங்கள் அன்புள்ள,
எகிடியோ

பி.கு.: இதை உறையில் போடும்போது வாசல் மணி அடித்தது. லோஃப்ரேதோ வந்திருக்கிறார். அதற்குள் எர்சிலியா கடிதத்தை எடுத்து வாசித்துவிட்டு, "எண்பத்தேழாவது நிமிஷத்தைப் பாதிதானே எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாள். எப்படியும் யாராவது போனில் வீடியோ அனுப்பிவிடுவார்கள், நானே சொல்லிவிடுகிறேன். மாற்று ஆட்டக்காரனை அறிவிக்கத் திறந்த மைக்கை மூட மறந்திருந்தேன். பந்து உள்ளே போனதும், பெயரைக் கூவுவதற்கு முன்னால், மைதானம் முழுக்க என் குரல்தான் கேட்டது: "அடப் பாவிகளா! கார்னர் அடிக்கறான், அஞ்சாம் நம்பரை ஒருத்தன்கூடப் பிடிக்கலையா? பட்டம் போச்சே, போச்சே!" பதினாலாயிரம் பேரும் என் பெட்டியைத் திரும்பிப் பார்த்து, எழுந்து நின்று கைதட்டினார்கள். பதினோரு வருஷத்தில் இந்த ஊர் எனக்குத் தட்டிய பெரிய கைதட்டல் அதுதான். என்ன செய்ய, மச்சான்? ஆறு வயதில் என் அப்பா வானொலிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு டூரினுக்காக அழுததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். நம் ஊர் ஜெயித்தால் எனக்குச் சந்தோஷம்தான், பொய்யில்லை. டூரின் தோற்றால் இரண்டு நாள் சோறு இறங்காது. லோஃப்ரேதோ வந்த விஷயம்: அடுத்த வருஷம் முதல் மைக் எர்சிலியாவிடம். "இந்த ஊர்ல உள்ளூர்க்காரங்கன்னு நிரூபிச்சது நீங்க ஒருத்தர்தான்க்கா" என்று அவள் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அவள் இப்போது அடுப்பங்கரையில் டூரின்காரன் கோல் போட்டால் எப்படிச் சொல்வது என்று பயிற்சி செய்கிறாள். என்னைவிடச் சத்தில்லாமல் சொல்கிறாள், கேட்கவே முடியவில்லை. அடுத்த சீசனில் டூரின்காரர்கள் ஆட வரும்போது வெளியூர்க்காரர்களின் கூண்டைத் திறக்கிறார்களாம். அதில் டிக்கெட் வாங்க டூரின் முகவரி வேண்டும். உங்கள் வீட்டு முகவரியில் என்னையும் ஓர் ஆளாகப் பதிந்துகொள்ள முடியுமா? வந்து தங்க மாட்டேன். தொண்ணூறு நிமிஷம் மட்டும்.