நாத்தனாரை வந்து அழைத்துப் போகவும்

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

உங்கள் மாப்பிள்ளை வணக்கம் சொல்லி எழுதுவது. நீங்களும் அத்தையும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே நானும் சௌக்கியம் என்று எழுதிவிட்டு மேலே போவதுதான் முறை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை எழுதலாமா கூடாதா என்பதில்தான் எனக்கும் ஆட்டுக்கும் இப்போது தகராறு.

எந்த ஆடு என்று கேட்க மாட்டீர்கள். "கறிக்கும் ஆகாது, பாலுக்கும் ஆகாது, இதை எதுக்கு மாப்ள வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க?" என்று கேட்டீர்களே, எங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்த அதே இயந்திர ஆடுதான். நான் விளக்க ஆரம்பித்தேன், நீங்கள் பாதியில் பேச்சை மாற்றிவிட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. மகளின் இதயத்தைப் பற்றி முழுசாகக் கேட்க எந்த அப்பாவுக்கும் மனசு வராது. இப்போது முழுசாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் தோளுக்குக் கீழே, தோலுக்குள், நெல்மணி அளவுக்கு ஒரு சென்சார் இருந்தது. இதயம் தாளம் தப்பினால் அவளுக்குத் தெரியும் முன்பே அது ஆட்டுக்குச் சொல்லிவிடும். ஆடு ஓடிவந்து முழங்காலுக்குப் பின்னால் முட்டி அவளை உட்கார வைத்துவிடும். மயங்கி விழுந்து தலையில் அடிபடக் கூடாது, அவ்வளவுதான் அதன் வேலை. மாடிப்படி ஏறத் தோதாக இருக்கும் என்பதால் ஆட்டின் உடம்பைக் கொடுத்தோம். "நின்னா குத்தம், நடந்தா குத்தம். உங்களுக்குத் தங்கச்சி இல்லன்னு நிம்மதியா இருந்தேன், நீங்களே ஒண்ணு செஞ்சு கொண்டுவந்துட்டீங்க" என்று சொல்லி, அதற்கு நாத்தனார் என்று அவள்தான் பெயர் வைத்தாள். கடைசி நாளிலும் நாத்தனார் சரியாகத்தான் உட்கார வைத்தது. அதற்குப் பிறகு நடந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது என்று டாக்டரே சொன்னார்.

காரியம் முடிந்து நீங்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு ஆடு அறை அறையாக அவளைத் தேட ஆரம்பித்தது. குளியலறைக் கதவுக்கு முன்னால் போய் நிற்கும். அலமாரியை முட்டிப் பார்க்கும். அதன் வயிற்றுக்கடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதை அணைத்திருக்கலாம். புத்தியுள்ள எவனும் அதைத்தான் செய்திருப்பான். நான் இன்ஜினியர் ஆயிற்றே, அதனால் ஆய்வுக்கூடத்தில் மிச்சமிருந்த இன்னொரு சென்சாரை எடுத்து என் தோளுக்குள் வைத்துக்கொண்டேன். ஆட்டுக்கு ஒரு வேலை இருக்கட்டுமே என்று. ஆய்வுக்கூடத்து நர்ஸ் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் வைத்துத் தைத்தார்.

அதிலிருந்து என்னை முட்டுகிறது மாமா. காய்கறிக் கடையில் முட்டி, நான் தக்காளிக் கூடைக்குள் உட்கார்ந்தேன். கடைக்காரம்மா, "கட்டுன பொண்டாட்டிக்குக்கூட இப்படி அடங்கியிருக்க மாட்ட போல" என்றார். அவருக்கு விஷயம் தெரியாது. நசுங்கியதை எல்லாம் நானே வாங்கிவந்து தக்காளியாகவே தின்றுகொண்டிருக்கிறேன். ஆபீஸ் கூட்டத்தில் மேலாளர் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்ட நேரம் பார்த்து முட்டியது. நான் தரையில் உட்கார, பின்னால் நின்ற இரண்டு பேர் தைரியம் வந்து கூடவே உட்கார, அந்தத் திட்டமே நின்றுபோனது. இப்போது என்னைப் போராட்டக்காரன் என்கிறார்கள். கீழ்வீட்டுக்காரர் குளம்புச் சத்தம் தாங்காமல் மேலே வந்து, ஆட்டுக்குச் செருப்பு வாங்கச் சொன்னார். குழந்தைகள் போடும் காலுறை மாட்டிவிட்டேன். வழுக்கிக்கொண்டு வந்து இன்னும் வேகமாக முட்டுகிறது.

முதலில் ஆடுதான் பழுது என்று நினைத்தேன். அவளுடைய இதயத்துக்குப் பழகிய ஆடு, என்னுடையது அதற்குக் கோளாறாகத் தெரியும் அல்லவா? பழைய பதிவை அழித்து என் இதயத்தைப் பழக்கினேன். முட்டியது. கால் மோட்டார்களைக் கழற்றி மாட்டினேன். முட்டியது. ஒவ்வொரு பாகமாகச் சோதித்துவிட்டேன், ஆட்டில் ஒரு பழுதும் இல்லை. இல்லை என்று தெரிந்தும் திரும்ப ஒரு தடவை கழற்றினேன். பக்கத்து மேஜையில் வேலை செய்யும் என் சிநேகிதன் கேட்டான்: "ஆட்டை எத்தனை தடவைடா கழட்டுவ? அது சொல்றது நெசமா இருந்தா?"

நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன்.

"டாக்டர்ட்ட போனியா?"

"போகணும்."

"எப்ப?"

அதற்குள் ஆடு என்னை உட்கார வைத்துவிட்டது.

பயமா இருக்கு மாமா. எனக்கு நெஞ்சு வலிக்கலை, மூச்சு வாங்கலை, அழுகைகூட வரலை. அத்தை அதைக் கவனிச்சு உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க. அவளுக்கும் இப்படித்தான், ஒன்றுமே தெரியவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல, இதுதான் சும்மா முட்டுது" என்று சிரிப்பாள். அதே வார்த்தைகளைக் கடைக்காரம்மாவிடம் நான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. இப்போது குளம்புச் சத்தம் கேட்டாலே வேர்க்கிறது. சத்தத்துக்குப் பயந்து நெஞ்சு அடித்துக்கொள்கிறதா, நெஞ்சு அடித்துக்கொள்வதால் ஆடு வருகிறதா என்று புரியவில்லை. அணைத்துவிடலாம் என்று குனிந்தால், அணைத்த பிறகு எனக்கு ஏதாவது ஆனால் யார் சொல்வார்கள் என்று கை அப்படியே நின்றுவிடுகிறது.

அதனால் தயவுசெய்து நீங்கள் வந்து நாத்தனாரை அழைத்துப் போங்கள். தீனி கேட்காது, கத்தாது, ஒரு மூலையில் நிற்கும். என் சென்சார் அவ்வளவு தூரம் எட்டாது. நீங்கள் கொண்டுபோனால் நான் அணைத்ததாகவும் ஆகாது.

அத்தையின் முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடத்தை விட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லவும். உங்கள் இருவர் ஆசியும் எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை
(இன்னும் அப்படிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்)

பி.கு.: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். ஆடு இங்கேயே இருக்கட்டும். கடிதத்தை மடிக்கும்போது சிநேகிதன் போன் செய்தான். என்னைக் கேட்காமலே வியாழக்கிழமை காலைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டானாம். அவளைக் கொண்டுபோன அதே ஆஸ்பத்திரி, அதே மாடி. ஆட்டை உள்ளே விட மாட்டார்கள். அந்த வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருக்க என்னால் முடியாது மாமா. அத்தையிடம் சொல்லாமல் நீங்கள் மட்டும் வாருங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் ஆட்டைத் திட்டிக்கொண்டிருங்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.