சுவர்க்கட்டில் திறப்பு விழா

மார்ச் 9

சிறு தவறு ஒன்று நடந்துவிட்டது. நான் செய்த சுவர்க்கட்டிலைச் சுவரோடு மடக்கிய நிலையில் மட்டும் அளந்திருக்கிறேன், விரித்து அளக்கவில்லை. விரித்தால் அதன் கால்மாடு வாசற்கதவை மறிக்கிறது. கதவு ஒரு சாண்தான் திறக்கிறது. அளவுநாடாவின் மேல் பழி போட முடியுமா என்று பார்த்தேன். நாடா சரியாகத்தான் இருக்கிறது.

மற்றபடி, மனித நாகரிகம் சக்கரத்தில் தொடங்கவில்லை, கீலில்தான் தொடங்கியது என்பதை எங்கள் வீடு இன்று உலகுக்கு நிரூபித்தது. இருப்பது ஓர் அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையல் மூலை. மாலைநேர மரவேலை வகுப்பில் கற்றதையெல்லாம் அதற்குள் இறக்கிவிட்டேன். நாற்காலிகள் மேசைக்குள் போகும். மேசை சுவருக்குள் போகும். அலமாரிக் கதவைச் சாய்த்தால் இஸ்திரிப் பலகை.

போன மாதம் அக்கா போன் செய்தாள். புகுந்த வீட்டில் இனி இருக்க முடியாது, வந்துவிடுகிறேன் என்றாள். "இங்க இடம் எங்கம்மா இருக்கு?" என்றார் அப்பா. மறுநாளே 'இடச் சேமிப்புக் குழு' அமைந்தது. தலைவர் அப்பா, உறுப்பினர் அம்மா, 'தொழில்நுட்ப அதிகாரி' நான். அக்காவுக்காகத்தான் என்று நினைத்து நாக்குத் தள்ளப் பலகை அறுத்தேன்.

இன்று மாலை தலைவர் கட்டிலை விரித்து, அதில் படுத்துத் திறந்து வைத்தார். அப்போது கதவு தட்டப்பட்டது.

"அப்பா, நான்தான். கதவத் திறங்க."

"திறந்துதாம்மா இருக்கு. ஒரு சாண்."

சந்தில் அக்காவின் ஒரு கண்ணும் பெட்டியின் ஒரு மூலையும் தெரிந்தன.

"என்னடி இது?" என்று என்னைக் கேட்டாள்.

"இடம் மிச்சம் பண்றோம்க்கா."

"கட்டில மடக்குங்களேன்."

"இப்பத்தாம்மா படுத்தேன்" என்றார் அப்பா. "மடக்கணும்னா குழு கூடணும். உறுப்பினர் சமையல் மூலைல மாட்டிக்கிட்டாங்க."

"நான் ஒண்ணும் மாட்டிக்கல. நீங்க கால எடுத்தா வந்துருவேன்" என்றாள் அம்மா. "உப்பு டப்பாவும் அந்தப் பக்கம் இருக்கு. இன்னிக்கு எல்லாருக்கும் உப்பில்லாமதான்."

"கால எடுக்கறது நடைமுறையில இல்ல."

"பெட்டிய எங்கப்பா வைக்கிறது?" என்றாள் அக்கா.

"படிக்கட்டுல வையிம்மா. அங்க தாராளமா இடம் இருக்கு."

"அப்பா, கொஞ்சம் எழுந்திரிங்கப்பா" என்றேன்.

"உன் வேலைய நீயே குறை சொல்லாதடி! என்ன நேர்த்தி! ஒரு ஈ காக்கா உள்ள வர முடியல பாரு."

அக்கா சிரித்தாள். "நல்லா செஞ்சிருக்கடி. 'வராதே'ன்னு அப்பா வாயால சொல்ல வேண்டிய வேலையே இல்லாமப் பண்ணிட்ட." தோழி வீட்டில் தங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு இறங்கினாள். பெட்டி ஒவ்வொரு படியிலும் இடிபடுவது கேட்டது.

அவள் கடைசிப் படியை அடையும் முன்பே அப்பா குறட்டை விட்டார். பழக்க தோஷத்தில் நான் நாடாவை எடுத்தேன். கட்டிலுக்கு அப்பால், மேசையும் நாற்காலிகளும் சுவருக்குள் போய்விட்டதால், தரை வெறுமையாகக் கிடந்தது. ஒருத்தி காலை நீட்டிப் படுக்கலாம். தலைமாட்டில் பெட்டியும் வைக்கலாம். சந்தேகத்தில் மறுபடியும் அளந்தேன். அதே அளவு. எங்கள் குழுவின் சாதனையில் அப்பழுக்கில்லை: இடம் முழுவதையும் மிச்சம் பிடித்துவிட்டோம், அக்காவிடமிருந்து. அவள் படி இறங்கும்வரை நான் அப்பாவின் குறட்டைக்கு மரியாதை கொடுத்து நின்றதும் அந்தச் சாதனையில் சேரும்.

நாளைய வேலை: காலையில் கட்டிலின் கீல்களைக் கழற்றுவது. அப்பா எழவில்லையென்றால் அவரோடு சேர்த்துக் கழற்றுவது. பிறகு போய் அக்காவை அழைத்து வருவது.