பாதி யானை தெரிந்த கண்காட்சி

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாக இருந்தது. அது எல்லாக் காட்டிலும் உள்ளதுதான். இந்தக் காட்டில் கூடுதலாக ஓர் அருங்காட்சியகமும் இருந்தது. மலையடிவாரத்துக் குகை ஒன்றில் ஆதி யானையின் எலும்புக்கூடு, மலைப்பாம்பு உரித்துப்போட்ட நீளச் சட்டை, புலிக்கும் மானுக்கும் நடந்த எல்லை வழக்கைச் செதுக்கிய கல் என்று நாலைந்து பொருள்கள். அவற்றைத் தூசு தட்டிக் காத்துவந்தது காத்தப்பன் என்ற உடும்பு. அந்தக் குகைதான் அதற்கு வேலை, அந்தக் குகைதான் வீடு. பார்க்க வருகிறவர்கள்தான் இல்லை. மழைக்கு ஒதுங்கும் முயல்களையும் சேர்த்தால் மாதம் ஏழெட்டுப் பேர் தேறும்.

பக்கத்துக் காட்டுக்கு விருந்துக்குப் போன ராஜா, வந்ததும் வராததுமாகக் காத்தப்பனைக் கூப்பிட்டது.

"அங்கே மெய்நிகர் கண்காட்சி வைத்திருக்கிறான். குகைப்பக்கமே போக வேண்டாம், இருந்த இடத்திலேயே செல்போனில் பார்க்கலாம். நமக்கும் ஒன்று வேண்டும். திட்டம் போட்டு, பட்ஜெட்டும் எழுதிக் கொண்டுவா."

"மெய்நிகர் என்றால் என்ன மகாராஜா?"

நிதி அமைச்சர் நரி முந்திக்கொண்டது. "மெய் மாதிரியே இருக்கும். கைக்கு மட்டும் வராது."

"ஓகோ, என் அகவிலைப்படி மாதிரி."

ராஜா ஒரு கனைப்புக் கனைத்தது. "காட்சி நன்றாக வந்துவிட்டால் அப்புறம் குகை எதற்கு? சிறுத்தை கிடங்குக்கு இடம் கேட்கிறது, கொடுத்துவிடலாம். நன்றாக வராவிட்டால் நீ எதற்கு?"

எந்தப் பக்கம் புரண்டாலும் முள். ஆனால் உடும்புக்குப் பிடிக்கத்தான் தெரியும், விடத் தெரியாது. போவதென்றாலும் வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டுப் போவோம் என்று காத்தப்பன், படம் பிடிக்கும் மந்தி பொன்னியைத் தேடிப் போனது.

பொன்னி குகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு விரல் விட்டு எண்ணியது. "காத்தப்பண்ணே, யானையைச் சுத்திச் சுத்தி எடுக்கணும். பாம்புச் சட்டை தலையிலேருந்து வால் வரைக்கும். கல்லுக்கு முன்பக்கம், பின்பக்கம். இணையத்துல ஏத்துற செலவு வேற. எல்லாம் சேர்த்து நாப்பது குடம் தேன் ஆகும். நீங்க எண்பதுன்னு எழுதுங்க."

"நாற்பதுக்கு எதற்கு எண்பது? நான் என்ன பொய் சொல்லிப் பிழைக்கிறவனா?"

"ஊர்ல எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க!"

"எழுதட்டும்."

அரண்மனையில் இதுவரை எதுவும் கேட்டுப் பழகாததால் காத்தப்பனுக்கு அந்தக் காட்டு வழக்கம் தெரியவில்லை. எந்த பட்ஜெட் வந்தாலும் நரி படிக்காது. கடைசித் தொகையைப் பார்க்கும், பாதியை வெட்டும். அது தெரிந்து எல்லாரும் இரட்டிப்பாகக் கேட்பார்கள். கேட்டவனுக்கு வேண்டியது கிடைக்கும், வெட்டியவனுக்குச் சிக்கனக்காரன் என்று பெயரும் கிடைக்கும்.

நாற்பது, இருபதாகத் திரும்பி வந்தது.

"ஐயா, நான் எழுதியது உள்ளபடிக் கணக்கு!" என்று பதறியது காத்தப்பன்.

"உள்ளபடியா?" என்றது நரி. "இப்படி ஒருத்தரும் என் பிழைப்பில் மண்ணைப் போட்டதில்லையப்பா. வெட்டாமல் விட்டால் நாளைக்கு எனக்கு என்ன மரியாதை? போ, இருபதுக்குள் முடி."

பொன்னி தொழிலில் கறார். இருபது குடத்துக்கு எவ்வளவோ அவ்வளவுதான் எடுத்தது. யானை, தந்தப் பக்கமிருந்து விலா வரை. பாம்புச் சட்டை, தலையிலிருந்து நடு வரை. வழக்குக் கல்லின் முன்பக்கத்தில் மான் சொன்னது, புலி சொன்னது, சாட்சி சொன்னது எல்லாம் இருந்தன. தீர்ப்பு பின்பக்கத்தில் இருந்தது.

ராஜா பொத்தானை அமுக்கிக் கண்காட்சியைத் திறந்துவைத்தது. காத்தப்பன் குகைக்குத் திரும்பி மூட்டை கட்டியது.

சுற்றுவட்டாரக் காடெல்லாம் பார்த்தது. பார்த்துவிட்டுச் சண்டை பிடித்தது.

"யானைக்குப் பின்னங்கால் இருக்கா, இல்லையா?"

"எங்க பாட்டனார் சட்டையை எவன்டா பாதியில கத்தரிச்சது?"

"தீர்ப்பு எங்க பக்கம்தான்" என்றன மான்கள்.

"யார் சொன்னது? வாங்க, நேர்ல போய்ப் பார்த்துடுவோம்" என்றன புலிகள்.

மறுநாள் பொழுது விடிந்தபோது குகை வாசலில் தொடங்கிய வரிசை ஆற்றங்கரையைத் தாண்டி நின்றது. காத்தப்பன் கட்டிய மூட்டையை அவிழ்த்துத் தூசு தட்டும் துணியை வெளியே எடுத்தது. மான்களும் புலிகளும் முட்டி மோதிக்கொண்டு கல்லின் பின்பக்கம் போய்ப் படித்தன. 'வழக்கு அடுத்த வாய்தாவுக்கு ஒத்திவைக்கப்படுகிறது' என்று இருந்தது. தாங்கள் தோற்கவில்லை என்ற நிம்மதியோடு இரு கூட்டமும் வீடு திரும்பின.

ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கிடங்குக்கு வேறு இடம் பார்க்கும்படி சிறுத்தையிடம் சொல்லிவிட்டது. கூட்டம் சேர்க்கவே திட்டமிட்டு வெட்டியதாகச் சொல்லி நரி ஒரு பட்டமும் வாங்கிக்கொண்டது.

"மீதியையும் படம் பிடித்துவிட எவ்வளவு ஆகும்?" என்று கேட்டது ராஜா.

"இருபது குடம், மகாராஜா" என்றது காத்தப்பன், உள்ளபடியே.

நரி அதைப் பத்தாக வெட்டியது.

ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் நடக்கிறது. காத்தப்பன் உள்ளபடி எழுதுகிறது, நரி பாதியை வெட்டுகிறது, மீதியில் பாதி படமாகிறது. யானையின் வால் இன்னும் இணையத்துக்கு வந்து சேரவில்லை. குகை வாசலில் கூட்டமும் குறையவில்லை.

நீதி: எப்போதும் உண்மையே சொல், அதைப் பாதியாக வெட்ட ஓர் அமைச்சர் இருக்கும்வரை உனக்கு ஒரு கெடுதலும் வராது.