கீழே வைத்த காபி

விருந்தாளி காபியைக் குடிக்கவில்லை.

வலது கையால் வாங்கினார், முகர்ந்து பார்த்தார், அப்புறம் கிண்ணத்தை மெதுவாக விரிப்பின் மேல் வைத்துவிட்டு, காபி ஊற்றிய சுவைலிமின் முகத்தையே பார்த்தார். கூடாரத்தில் கதை அளந்துகொண்டிருந்த ஜீப் ஓட்டிகள் மூன்று பேரும் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார்கள்.

அந்தப் பக்கத்துப் பாலைவனக் குடிகளான பதூவின்களிடம் ஊற்றிய காபியைக் குடிக்காமல் கீழே வைத்தால் ஒரே அர்த்தம்தான். ‘உன்னிடம் ஒன்று கேட்டு வந்திருக்கிறேன். சரியென்று சொன்னால்தான் குடிப்பேன்.’ பெண் கேட்க வருகிறவர்கள் வைப்பார்கள், சமாதானம் பேச வருகிறவர்கள் வைப்பார்கள். ஜீப்பில் பாலைவனம் சுற்றிப் பார்க்கத் தலைநகர் அம்மானிலிருந்து வந்தவர் வைத்து யாரும் கண்டதில்லை.

வீட்டுக்காரன் முதலில் “என்ன வேணும்?” என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு யோசிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் வாக்குக் கொடுக்க வேண்டும். சுவைலிம் விடிந்ததிலிருந்தே கலங்கிப் போயிருந்தான். ஜீப்புகளுக்கு அனுமதி கொடுக்கும் பாலைவனக் காப்பகத்துக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்திருப்பதாகவும், சாதாரண உடுப்பில் ஜீப்பில் ஏறி வேவு பார்ப்பதாகவும் ஊரெல்லாம் பேச்சு. இந்த மனிதரோ தேய்த்த சட்டை, பையில் பேனா, கையில் நோட்டு.

அந்தப் பதற்றத்தில் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதைச் சொல்லித் தொலைத்தான்.

“குடிங்க ஐயா. நீங்க எதுக்கு வந்தீங்களோ, அது உங்களுக்குக் கிடைச்சாச்சு!”

பெரியவர் ஒரே மடக்கில் குடித்தார். கண் கலங்கிவிட்டது. சுவைலிமின் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னை வாயைத் திறக்கக்கூட விடலையே தம்பி! இந்த நன்றியை சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்” என்றார்.

அவர் பெயர் ஹிக்மத். கூட வந்தவள் மகள் ராயா. தூசுக்காகத் துணியை முகத்தில் சுற்றி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, கூடாரத்தின் மூலையில் பாதித் தூக்கத்தில் இருந்தாள்.

சுவைலிம் வெளியே வந்ததும் சித்தப்பா மகன் முத்லக் பிடித்துக்கொண்டான்.

“என்னத்தடா குடுத்தே?”

“தெரியலையே.”

“கேட்டுட்டுக் குடுத்திருக்கலாம்ல?”

“இப்ப போய் கேக்கட்டுமா?”

“கேளு, கேளு. மூணு சாட்சி முன்னாடி வாக்குக் குடுத்துட்டு, என்ன வாக்குன்னு கேட்ட ஆம்பளைன்னு நாலு பள்ளத்தாக்கு தாண்டிப் பேசுவானுங்க.” முத்லக் குரலைத் தாழ்த்தினான். “அந்த ஆளு வந்ததுலேர்ந்து உன் ஜீப்பையே தடவிக்கிட்டிருக்காரு. போச்சுடா உன் ஜீப்பு.”

ஜீப் போனால் பிழைப்பு போச்சு. ஜீப் இருந்து, காப்பகம் கொடுத்த அனுமதி அட்டை போனாலும் அதே கதிதான். அட்டையின் பின்பக்கம் ஏற்கெனவே இரண்டு சிவப்பு முத்திரைகள். ‘பாதையை விட்டு விலகி ஓட்டினார். இடம்: கழுகுக் கணவாய்.’ இரண்டு முறையும் அதே இடம். வேடிக்கை என்னவென்றால் அவன் அந்தக் கணவாய்ப் பக்கமே போனதில்லை. ஆனால் வேறு பத்து இடங்களில் பாதை தாண்டியிருந்ததால், வாயைத் திறந்தால் அதுவும் வெளியே வந்துவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டான். மூன்றாவது முத்திரை விழுந்தால் ஆயுள் முழுக்க வாதி ஸஹீல் பள்ளத்தாக்குக்குள் வண்டி ஓட்ட முடியாது.

வண்டி கிளம்பியது. ராயா பின்பக்கப் பலகையில், ஹிக்மத் முன்னால். வெள்ளைக் கல் பதித்த பாதையை விட்டு ஒரு விரற்கடை விலகாமல் சுவைலிம் ஓட்டினான்.

“நல்ல வண்டி தம்பி” என்றார் ஹிக்மத், கதவைத் தட்டிக் கொடுத்து.

சரிதான், ஜீப்பேதான். இதை எப்படியாவது வேண்டாம் என்று அவரே சொல்ல வைத்துவிட வேண்டும்.

“நல்ல வண்டியா? ஐயோ, நீங்க வேற! எதிரிக்குக்கூட குடுக்கக் கூடாத வண்டி ஐயா இது. ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்கும். கதவு தானா திறந்துக்கும். பிரேக்னு ஒண்ணு இருக்கே, அது பேருக்குத்தான்.”

ஹிக்மத் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு கையால் நோட்டை எடுத்து என்னவோ எழுதினார்.

சுவைலிமுக்கு அப்போதுதான் உறைத்தது. வேவு பார்க்க வந்த அதிகாரியிடம் போய்ப் பிரேக் பிடிக்காது என்று சொல்லியிருக்கிறான்!

“சும்மா சொன்னேன் ஐயா! பிரேக் எல்லாம் ஜம்முனு பிடிக்கும். பாருங்க, இப்பவே காட்டுறேன்.”

இறக்கத்தில் வேகமெடுத்து ஓங்கி மிதித்தான். பிரேக் பிடித்தது. மணல் பிடிக்கவில்லை. ஜீப் பக்கவாட்டில் சறுக்கி, வெள்ளைக் கற்களைச் சிதறடித்து, தடுத்து வைத்திருந்த நிலத்துக்குள் புகுந்து ஒரு வெண்பூப் புதரின் மேல் ஏறி நின்றது. காப்பகத்தார் ஆட்டைக்கூட வாய் வைக்க விடாத புதர் அது.

“நல்லாத்தான் பிடிக்குது” என்றார் ஹிக்மத், மூச்சு வந்ததும்.

அவசரமாகப் பின்னால் எடுத்தான். சக்கரம் மணலில் புதைந்தது. இன்னும் மிதித்தான். இன்னும் புதைந்தது. மணலில் பிடிப்புக் கிடைக்க டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, “ஐயா, ஒரு கை குடுக்க முடியுமா?” என்று வெட்கத்தோடு கேட்டான்.

ஹிக்மத் தேய்த்த சட்டையோடு தள்ளினார். சக்கரம் வாரி இறைத்த மணல் முழுவதும் அவர் மேல்தான். அவரோ குழந்தை மாதிரி சிரித்தார். “வேலை, வேலைன்னு இதையெல்லாம் பார்க்காமலே கிழவனாயிட்டேன் தம்பி!” ராயா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கைபேசியில் படம் எடுத்தாள்.

வண்டி மேலே வந்தது. ஆனால் தடம் நீளத்துக்குக் கிடந்தது. சுவைலிம் தலைத்துணியை அவிழ்த்து, குனிந்து பெருக்க ஆரம்பித்தான்.

“என்ன அண்ணே பண்றீங்க?” என்றாள் ராயா.

“அது... எங்க வழக்கம்மா. கலைச்ச மணலை அப்படியே விட மாட்டோம்.”

“நல்ல வழக்கமா இருக்கே!” என்று அதையும் ஒரு படம் எடுத்தாள்.

சிதறிய வெள்ளைக் கற்களையும் பொறுக்கி வந்து, பழையபடி வரிசையாக, முன்பைவிட அழகாகவே அடுக்கினான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். பாதை சுத்தம். கல்வரிசை சுத்தம். ஜீப் மட்டும் வரிசைக்கு அந்தப் பக்கம் நின்றது.

“திரும்ப ஒரு தடவை தாண்டணும் போலிருக்கே அண்ணே” என்றாள் ராயா மரியாதையாக.

தாண்டினான். மறுபடி பெருக்கினான். மறுபடி அடுக்கினான்.

சாயங்காலம் சிவப்புப் பாறை மதிலின் கீழே நின்றார்கள். வெயில் சாய்ந்து பாறை முழுக்கக் கனிந்திருந்தது. சுவைலிம் முள் விறகு மூட்டி, சாம்பலில் ரொட்டி சுட்டான். ஹிக்மத் வெகுநேரம் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இந்தப் பாறைக்குத்தானே ‘உம் ஜர்ஃப்’னு பேரு தம்பி?”

“ஆமா ஐயா.”

“முப்பது வருஷமா ஆபீஸ்ல உக்காந்து இந்தப் பேரை எழுதியிருக்கேன். இன்னிக்குத்தான் கண்ணால பார்க்கிறேன். அல்ஹம்துலில்லாஹ்.” நோட்டில் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

ஆபீஸ்! சுவைலிமின் கையிலிருந்த ரொட்டி சாம்பலிலேயே விழுந்தது. இனி மறைத்து என்ன பயன்? மனிதர் அவன் கையால் சாப்பிட்டவர், அவன் வண்டியைத் தள்ளியவர். அவரை ஏமாற்றி அனுப்பவும் மனம் வரவில்லை. காப்பக வாசல் வரைக்கும் ஓட்டி வந்தான். வண்டியை நிறுத்தியதும் அனுமதி அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான்.

“எழுதிக்கோங்க ஐயா. இன்னிக்குக் கோட்டைத் தாண்டினேன். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. புதரையும் நசுக்கினேன். வழக்கம்னு சொன்னதும் பொய். தப்பு என்னோடதுதான். நீங்க வந்த காரியம் இதுதானே? வாக்குக் குடுத்துட்டேன், குத்திடுங்க முத்திரையை.”

ஹிக்மத் திகைத்தார். “தம்பி, நீங்கதான் என்னை மன்னிச்சுட்டீங்களே?”

“நானா? உங்களையா? எப்போ?”

“காலையில! காபியை எதுக்குக் கீழே வெச்சேன்? மன்னிப்புக் கேக்கத்தானே! கழுகுக் கணவாய்ல தாண்டினது வேற சுவைலிம், அடுத்த பள்ளத்தாக்குக்காரர். ரெண்டு தடவையும் நான்தான் உங்க அட்டையில மாத்திக் குத்திட்டேன். வேலையில கடைசி நாள் பழைய ஏடுகளைப் புரட்டினப்போதான் கண்ணுல பட்டுச்சு. எனக்குத் தூக்கமே போச்சு. நீங்களோ ஒரு வார்த்தை குத்திப் பேசாம, ‘கிடைச்சாச்சு, குடிங்க’ன்னுட்டீங்க. இப்படி ஒரு பெரிய மனசை நான் பார்த்ததே இல்ல.”

ஆபீஸில் சொல்லி வாங்கி வந்த புத்தம் புது அட்டை ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முன்னால் சுவைலிமின் பெயர். பின்னால் வெள்ளை வெளேர் என்றிருந்தது.

சுவைலிம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவரைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தமிட்டான். “அப்போ நீங்க அந்தப் புது அதிகாரி இல்லையா?”

“நான் ரிடையராகி ஒரு மாசமாச்சு தம்பி.”

“ஆண்டவனே, உனக்குக் கோடி நன்றி!” சுவைலிம் வானத்தைப் பார்த்துக் கையேந்தினான். ஜீப் மிச்சம், பிழைப்பு மிச்சம், அட்டையும் புதுசு. ஊருக்கே ஆடு அறுத்துப் போட வேண்டும் போலிருந்தது.

“எங்கே, அந்தப் புது அட்டையைக் கொஞ்சம் குடுங்க அண்ணே” என்று ராயா கை நீட்டினாள்.

சந்தோஷமாகக் கொடுத்தான். அவள் முகத்துணியை அவிழ்த்தாள், கைப்பையிலிருந்து காப்பக முத்திரையை எடுத்தாள், அட்டையை ஜீப்பின் முன்மூடியில் வைத்து டக்கென்று ஒன்று குத்தினாள். சிவப்பு மை. ஹிக்மத் மகளைப் பார்த்தார், அப்புறம் மலையைப் பார்த்தார்.

ராயா மையை ஊதிக் காயவைத்து, இரண்டு கையாலும் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

“பதறாதீங்க அண்ணே, அப்பா புண்ணியத்துல இது மூணாவது இல்ல, முதல்தான்.”