கடைசிக்கு முந்தின ஆள்

ஞாயிற்றுக்கிழமைப் பந்தய வீரர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், அடையாளம் தெரியாமல் விட்டிருப்பீர்கள். திங்கள் முதல் சனி வரை அவர் நம்மைப் போலத்தான் இருப்பார். சிக்னலில் நிற்பார், பின்னால் ஹாரன் அடிக்கிறவனைத் திட்டுவார், மனைவி சொன்ன கடையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருவார். ஞாயிறு விடிந்ததோ இல்லையோ, கைக்கு உறை, காலுக்கு மெல்லிய ஷூ, முகத்தில் நாட்டையே காக்கப் புறப்பட்டவரின் களை!

புறப்பட்டு எங்கே போகிறார்? ஒரு சாமான் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் கார் நிறுத்துமிடத்துக்கு. சாலையில் பள்ளம் தோண்டினால் வைப்பார்களே சிவப்பு ரப்பர் கூம்புகள், அவற்றில் நாற்பதை அங்கே நட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு காராக, சொன்ன வழியில், அவற்றுக்கிடையே வளைந்து நெளிந்து ஓடி வரவேண்டும். இடித்தால் கூம்புக்கு இரண்டு விநாடி தண்டனை. வழி தவறினால் அந்த ஓட்டமே செல்லாது. மூன்று வாய்ப்பு, அதில் சிறந்தது கணக்கில் வரும். பரிசு? ஒரு கோப்பை. அதில் காப்பி ஊற்றினால் இரண்டு மடக்குக்கு மேல் தேறாது.

நம்மவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊருக்கெல்லாம் கண் சோதிக்கிறவர். பலகையில் கடைசி வரியைப் படிக்கச் சொல்லி அடுத்தவரைப் பாடாய்ப் படுத்துகிறவர். அவர் கண்ணுக்கு மட்டும் முழங்கால் உயரக் கூம்பு தெரியாது. மூன்று வருடமாகப் போட்டிக்கு வருகிறார். அவர் கணக்கில் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. ஒரு தடவை டயரில் காற்று அதிகம், ஒரு தடவை குறைவு, ஒரு தடவை சூரியன் நேர் எதிரே வந்துவிட்டது. மற்ற பதினேழு பேருக்கும் அதே சூரியன்தானே என்று கேட்டுவிடாதீர்கள், மனம் புண்படும். போன மாதம் வண்டியின் எடையைக் குறைக்கிறேன் என்று பின்சீட்டைக் கழற்றிக் கூடத்தில் வைத்தார். “பதினாலு கிலோ குறைச்சிட்டேன்!” என்று மார்தட்டினார். மனைவி அவருடைய தொந்தியை ஒரு பார்வை பார்த்தாள். “கழட்ட வேற எதுவும் கிடைக்கலையா?”

இவ்வளவு இருந்தும் மனிதர் நிம்மதியாகத் தூங்கினார் என்றால் அதற்குக் காரணம் மாட்டு டாக்டர். கயிறும் மருந்துப் புட்டிகளும் கலகலக்கும் பழைய வேனில் வந்து, சிரித்துக்கொண்டே எல்லாக் கூம்பையும் சாய்த்து, தவறாமல் கடைசியாக வரும் புண்ணியவான். அவர் கடைசி, நம்மவர் அவருக்கு முந்தினவர். அந்த இடம் லேசுப்பட்டதல்ல. அதற்குக் கீழே ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஞாயிறு ஆள் வரவில்லை. ஸ்டாப் வாட்ச் பிடிக்கும் பழைய கணக்கு வாத்தியார்தான் சொன்னார்: “ஏதோ பசுவுக்குப் பிரசவமாம். நம்ம டாக்டர் வரல.”

“பசுவுக்கு இன்னிக்குத்தானா நேரம் கிடைச்சுது?” என்றார் நம்மவர். கீழே ஆள் இல்லையென்றால் அடியில் யார் என்பதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

அப்போதுதான் நிழலில் மடக்கு நாற்காலி போட்டு நாவல் படித்துக்கொண்டிருந்த மனைவி மேல் பார்வை விழுந்தது. ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு. தினமும் போக ஒரு மணி, வர ஒரு மணி, இதே காரைத்தான் ஓட்டுகிறாள்.

“ஏம்மா, சும்மாதானே உக்காந்திருக்கே. நீயும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரேன்.”

“நானா? எதுக்கு?”

“ஒரு அனுபவந்தான். நான் மட்டும் சந்தோஷப்படுறது எனக்கே ஒரு மாதிரியா இருக்கு.”

படித்த பக்கத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடினாள் அவள். பதினாறு வருடக் குடித்தனம். “மாட்டு டாக்டர் வரலையா?” என்றாள்.

நம்மவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. அவள் எழுந்தாள். “சரி, சாவியைக் குடுங்க.”

முதல் ஓட்டத்தில் நம்மவர் டயர் அலற ஐம்பத்தெட்டு விநாடியில் வந்தார். நாலு கூம்பு, ஆக அறுபத்தாறு. அவளோ ஆஸ்பத்திரிச் சாலையில் பள்ளம் தப்பிப் போகிறவள் போல நிதானமாக ஓட்டினாள். அறுபத்தைந்து. ஒரு கூம்புகூட அசையவில்லை. “முதல் தடவைக்குப் பரவாயில்ல,” என்று பெருந்தன்மையோடு சொன்னவரின் குரல் கொஞ்சம் கீச்சென்றது. இரண்டாவது ஓட்டத்தில் ரோஷத்தோடு மிதித்தார். ஐந்து கூம்பு விழுந்தது. அதில் ஒன்று வண்டிக்கு அடியில் மாட்டி முடிவுக்கோடு வரை கூடவே வந்தது. அறுபத்தேழு. அவள் அறுபத்திரண்டு. “குடும்பத்துல ஒருத்தருக்காவது ஓட்ட வருது!” என்று வாத்தியார் ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டார்.

நம்மவர் வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தி டயரைப் பார்த்தார். அவளும் வந்து நின்றாள்.

“காத்து கொஞ்சம்…” என்று ஆரம்பித்தார்.

“காத்து சரியாத்தான் இருக்கு. அதே டயர்லதான் நானும் ஓட்டினேன்.”

நம்மவர் சரளைக்கல் ஒன்றைப் பொறுக்கிப் போட்டார். பிறகு மூன்று வருடத்தில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னார். “எனக்கு வழியே ஞாபகம் நிக்கமாட்டேங்குது. உள்ள போனா எல்லாக் கூம்பும் ஒண்ணாத் தெரியுது.”

அவள் சிரிக்கவில்லை. “நான் பக்கத்துல உக்காந்து சொல்லட்டுமா? கூட ஆள் உக்காரலாம்னு வாத்தியார் சொன்னாரே.”

மூன்றாவது ஓட்டம். “இடது… மெதுவா… இப்ப வலது… போங்க, போங்க…” அவள் சொல்லச் சொல்ல அவர் திருப்பினார். பதினாறு வருடத்தில் இப்படிச் சொன்ன பேச்சு கேட்டதில்லை. வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கிப் போயிற்று. ஒரு கூம்புகூட விழவில்லை. நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நம்மவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடைசித் திருப்பம் வந்தது.

“வலது,” என்றாள் அவள்.

“தெரியும், தெரியும்!” என்று சொல்லிக்கொண்டே இடது பக்கம் திருப்பினார்.

முடிவுக்கோட்டைத் தாண்டி வண்டி நின்றபோது வாத்தியார் இரண்டு கையையும் குறுக்கே வைத்துக் காட்டினார். செல்லாது! பாவம் என்று நேரத்தையாவது சொல்லாமல் விட்டாரா? “ஐம்பத்திரண்டு! செல்லுபடியாகியிருந்தா அஞ்சாவது இடம்!”

அவர் தலை ஸ்டியரிங்கில் கவிழ்ந்திருந்தது. தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் பதறித் தோளைத் தொட்டாள். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“வலதுன்னு சொன்னே இல்ல?”

“சொன்னேன்.”

“நல்லாக் காதுல விழுந்துச்சு. அதான் கொடுமை!”

இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பட்டியலில் அவள் ஒன்பதாவது, அவர் பதினெட்டாவது, மொத்தம் பதினெட்டுப் பேர். திரும்பும்போது அவளே ஓட்டினாள். முதல் தெரு தாண்டுவதற்குள், “இந்த இடத்துல மூணாவது கியர் போடணும்,” என்று ஆரம்பித்தார். இனம் அவ்வளவு சுலபத்தில் அழிந்துவிடுமா? திங்கட்கிழமை கடைக்கு வந்தவர்களிடம் அவர் சொன்னது: “எங்க வீட்டம்மா ஒன்பதாவது இடம். வண்டியைத் தயார் பண்ணினது நான்தான்.”

எனக்குக் காருமில்லை, கையுறையுமில்லை, என்னை இதில் இழுக்காதே என்கிறீர்களா? நல்லது. ஆனால் வேலையிடத்தில் ஒரு நாள் நீங்கள் வராவிட்டால், “என்னாச்சு, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்று உருகி விசாரிக்கிறவர் யாராவது உண்டா? உண்டென்றால் அது அன்புதானா, இல்லை நம்மவர் மாட்டு டாக்டரைத் தேடிய தேடலா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என்னை அப்படி விசாரிக்க மூன்று பேர் இருக்கிறார்கள்.