இருபதில் ஒருவன்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் உடல் நலத்துடனும் மன வருத்தத்துடனும் எழுதுவது. நீங்களும் என் மகளும், இன்னும் என் கண்ணில் காட்டப்படாத பேத்தியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

"வீட்டுல சிகரெட் நாத்தம் போறவரைக்கும் குழந்தை அங்க வராது மாமா" என்று போனில் சொன்னீர்கள். நிபந்தனைக்குப் பணிகிறவன் நானல்ல. எவரிடமும் படிக்காமல், பிரித்துப் பார்த்தே லிஃப்ட் ரிப்பேர் கற்றவன். அப்படிப்பட்டவன் வீட்டுக் கதவைச் சுகாதாரத் துறைப் பெண் ஒருத்தி தட்டி, "புகைப்பழக்கத்தைக் குறைக்க நாட்டுக்கே ஒரு இலக்கு இருக்கு, தெரியுமா ஐயா?" என்றாள். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "ஏன் தெரியாம? நீ சரியா சொல்றியான்னு பார்க்கிறேன், சொல்லும்மா" என்றேன். இருபது பேரில் ஒருவருக்கு மேல் புகைக்கக் கூடாதாம்.

எங்கள் கட்டடத்தில் பெரியவர்கள் இருபது பேர். புகைப்பவர்கள் தையல்காரர், வாட்ச்மேன், மேல்மாடி வக்கீல், நான். ஆக, ஒருவருக்கு அரசாங்கமே இடம் ஒதுக்கியிருக்கிறது, அது மூத்தவனுக்குத்தானே, மற்ற மூவரையும் நிறுத்தவைப்பது என் கடமையாயிற்று. இலக்கைக் கொட்டை எழுத்தில் எழுதி லிஃப்டுக்குள் ஒட்டினேன். வக்கீலோடு ஏறி, இரண்டு மாடிக்கு நடுவே நிறுத்தி விளக்கினேன். பாக்கெட்டை ஒப்படைத்த பிறகே மேலே போனார். வாட்ச்மேன், "விட்டுட்டேங்க, மறுபடி அந்த விளக்கத்த ஆரம்பிச்சிராதீங்க" என்று கும்பிட்டார். தையல்காரர் மட்டும், "நீங்க ஊதுறீங்களே பெரியவரே?" என்றார். "நான் இலக்குக்குள்ள இருக்கேன்யா, நீதான் வெளியில நிக்கிற!" என்றேன். அவரும் விட்டார்.

இப்போது என்னடாவென்றால், பால்கனியில் நான் பற்றவைத்ததும் கீழே குழந்தைகளுக்கு, "அந்த ஒருத்தர் இவர்தான்" என்று கை நீட்டிக் காட்டுகிறார்கள். தீப்பெட்டி கேட்கக்கூட ஆளில்லை. இருந்தாலும் என் உரிமையை விடமாட்டேன். உங்கள் நிபந்தனைக்கு இதுவே பதில்.

மூவரும் நீடூழி வாழ்க. மகளுக்கு என் ஆசி. உங்களுக்கும், கோபம் ஆறியபின்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: போன வாரம் இந்தக் கடிதத்தை ஒட்டும்போது தையல்காரர் வந்து, "முடியல பெரியவரே, ஊசியில நூல் கோக்கக்கூட கை நிக்கல" என்று அழுதார். இருப்பதோ ஒரே இடம். நாட்டின் இலக்கை நான் கெடுக்கலாமா? என் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். அவரையும் சீக்கிரம் லிஃப்டில் ஏற்றுவேன். வீட்டுக்கு வெள்ளையடித்துத் திரைகளையும் துவைத்தாயிற்று, உங்களுக்காக அல்ல. ஞாயிற்றுக்கிழமை பேத்தியோடு வாருங்கள். லிஃப்ட் நடுவில் நிற்காது.