இரண்டு சாக்லேட்டும் உருகவில்லை

தியாகராய நகருக்குத் துணி எடுக்க வருகிறவர்களை ஒன்றும் எடுக்க விடாமல் வீட்டுக்கு அனுப்புவதற்கென்றே பிறந்த விற்பனையாளர் ஒருவர் இருந்தார் என்றால் நம்ப மாட்டீர்கள். இருந்தார். எங்கள் கடையின் இரண்டாவது மாடியில், புடவைப் பிரிவில், பதினொரு வருஷம் என் பக்கத்தில்தான் நின்றார். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் வெயில் அண்ணன்.

அவர் புடவையைப் பிரித்துக் காட்டுவார், நான் மடிப்பேன். என் படிப்பு பத்தாவதோடு நின்றது. பேச்சு அதற்கும் முன்னாலேயே நின்றுவிட்டது. யாராவது என் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் காது சிவந்துவிடும். மடிப்பு வேலைக்கு வாய் தேவையில்லை என்பதால்தான் அந்தக் கடையில் ஒட்டிக்கொண்டேன். வெயில் அண்ணன் எனக்கும் சேர்த்துப் பேசினார்.

அவர் பேசியதெல்லாம் ஒரே விஷயம்தான். "கறுப்பு வெயில குடிக்கும் நைனா. வெள்ள துப்பிடும். அவ்ளோதான் மேட்டரு."

இடையில் இருக்கும் நிறங்களுக்கும் அவரிடம் வரிசை உண்டு. மயில்கழுத்து முழுக் குடிகாரன். அரக்கு, ராமர் பச்சை எல்லாம் முக்கால் குடி. ரோஸ் எப்போதாவது தொடும். சந்தன நிறம் டீயோடு நிறுத்திக்கொள்ளும். அலமாரியில் நாங்கள் விலைவாரியாக அடுக்கியதை அவர் குடிவாரியாக மாற்றி அடுக்கிவிடுவார். சூப்பர்வைசர் வந்து தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு நாள் ஒரு அம்மாள், பெண்ணின் கல்யாணத்துக்குக் கருநீலப் பட்டு எடுத்தார். மாதம் வைகாசி. பில் போடப் போகும் நேரத்தில் அண்ணன் குறுக்கே கையை நீட்டினார்.

"மேடம், இது பொடவ இல்ல, அடுப்பு. கட்டிக்கினு வாசல்ல நின்னு எல்லாரையும் வாங்கன்னு கூப்டுவீங்களா மாட்டீங்களா?"

"கூப்பிடுவேன். அதுக்கென்ன?"

"வெந்துடுவீங்க. பத்து நிமிஷம் குட்தீங்கன்னா ப்ரூப் காட்றேன்."

பின்பக்கப் படிக்கட்டின் ஜன்னலில் நல்ல வெயில் விழும். அங்கே கருநீலத்தில் ஒரு துண்டு, சந்தனத்தில் ஒரு துண்டு விரித்து, வாசலில் குழந்தைகளுக்குக் கொடுக்க ஜாடியில் வைத்திருக்கும் சாக்லேட்டில் துண்டுக்கு ஒன்று வைத்தார். அந்த அம்மாளும் கூட வந்திருந்த சம்பந்தி வீட்டார் நான்கு பேரும் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து அந்த இரண்டு சாக்லேட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருநீலத்தில் இருந்தது தாளுக்குள்ளேயே கூழாகிவிட்டது. சந்தனத்தில் இருந்தது லேசாக இளகியதோடு சரி. அண்ணன் கண்ணில் ஒரு வெற்றி.

அந்த அம்மாள் நிதானமாகக் கேட்டார். "சாக்லேட் உருகினா எனக்கென்னப்பா? நான் என்ன சாக்லேட்டா?"

கருநீலத்தையே வாங்கிக்கொண்டு போனார். அண்ணன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. "சொன்னா கேக்க மாட்றாங்க நைனா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கூழான சாக்லேட்டைத் தாளோடு பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் ஊருக்கு மட்டும் உபதேசம் செய்கிறவர் அல்ல. அவருடைய டி.வி.எஸ். வண்டி சீட்டு கறுப்பு. அதற்கு வெள்ளைத் தலையணை உறை மாட்டியிருப்பார். "இன்னாண்ணே, தலகாணிய கூட்டிக்கினு எங்க போற?" என்று டீக்கடையில் கேட்பார்கள். கறுப்புக் குடையின் மேல் பழைய வெள்ளை வேட்டியைத் தைத்துப் போட்டிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு அவர் உஸ்மான் சாலையில் வந்தால், ஏதோ சாமி புறப்பாடு என்று வழிவிட்டவர்கள் உண்டு. ஐம்பது வயதில் எல்லோரும் தலைக்கு மை வாங்கிப் பூசினார்கள். இவர் கண்ணாடியில் நரையை எண்ணிச் சந்தோஷப்பட்டார். "பாதி கூரைக்கு வெள்ளையடிச்சாச்சு. இன்னும் பாதிதான் பாக்கி."

வளைகாப்புப் புடவை விஷயத்தில்தான் அவருக்குச் சனி பிடித்தது. மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி, எட்டு மாத வயிற்றோடு இருந்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "கறுப்புப் புடவை காட்டுங்கோ. வளைகாப்புக்கு" என்றார். வெளியே சித்திரை வெயில். அண்ணன் முகம் வெளிறியது.

"மாமி, கறுப்பு வோணாம். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு, ரெண்டு உசுரு கீது. ரெண்டும் வேவும்."

"எங்காத்துல வளைகாப்புன்னா கறுப்புதான். நானும் கட்டிண்டேன், எங்க மாமியாரும் கட்டிண்டா. வெந்தா போயிட்டோம்?"

அண்ணனுக்குப் பேச்சில் நம்பிக்கை போய்விட்டது. செயலில் இறங்கினார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து பளீரென்று ஒரு வெள்ளைப் புடவையை இழுத்து, அந்தக் கர்ப்பிணிப் பெண்ணின் மடிமேல் விரித்தார். "இத்த பாரும்மா. எப்டி ஜில்லுனு கீது."

மாடி முழுவதும் திரும்பிப் பார்த்தது. மாமி தன் தாலியைப் பிடித்துக்கொண்டார். "சுமங்கலிப் பொண்ணு மடியில வெள்ளைப் பொடவையா! வளைகாப்புக்கா! யாரது இங்க மொதலாளி?" சூப்பர்வைசர் ஓடி வந்தார். என் வாழ்நாளில் அந்த வெள்ளைப் புடவையை மடித்த வேகத்தில் எதையும் மடித்ததில்லை. கூச்சலுக்கு நடுவில் அந்தப் பெண் என் பக்கம் குனிந்து, "அங்கிள், அந்த வெள்ளைல சுடிதார் துணி இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் காது சிவக்க, "முதல் மாடி" என்றேன்.

அண்ணன் எழுதிக் கொடுத்துத் தப்பித்தார். இனி நிறத்தைப் பற்றி வாடிக்கையாளரிடம் பேச மாட்டேன் என்று. நிறத்தைப் பற்றிப் பேசாமல் புடவை விற்பது எப்படி என்று கடிதத்தில் யாரும் எழுதவில்லை.

போன வருஷக் கோடைக்கு முன்னால் சின்ன முதலாளி பொறுப்புக்கு வந்தார். வாசலில் இரண்டு பேர் நின்று, கும்பிட்டு, கதவைத் திறந்துவிட வேண்டும் என்றார். தலை முதல் கால் வரை கறுப்பு உடை. "பிளாக்னா ஒரு ரிச் லுக் வரும்."

அதில் ஒருவனாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் உயரம். அதோடு, எதற்கும் வாயைத் திறக்க மாட்டேன். எங்கள் கடை வாசல் மேற்கு பார்த்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு வெயில் நேராக மார்பில் இறங்கும். ஆறு மணிவரை நகராது. சட்டைக்குள் யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்து மறந்துவிட்ட மாதிரி இருக்கும். முதல் வாரமே தலை சுற்றியது. சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், மடிக்க மட்டும் தெரிந்தவனுக்கு இன்னொரு கடை எங்கே இருக்கிறது?

அண்ணன் சாப்பாட்டு நேரத்தில் வந்து என் தோளில் கையை வைத்துப் பார்த்தார். சட்டென்று எடுத்துவிட்டார்.

"நைனா, எங்க குப்பத்துல கருவாட்டத்தான் இப்டிக் காயப்போடுவாங்க. அதையும் சாய்ங்காலம் திருப்பிப் போடுவாங்க."

சிரிப்பு வந்தது. சிரித்தால் மயக்கம் வரும் போல் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சின்ன முதலாளியின் அறைக்குள் நுழைந்தார். கண்ணாடி மேஜை மேல் கறுப்புத் துண்டு ஒன்று, வெள்ளைத் துண்டு ஒன்று. மேலே ஆளுக்கு ஒரு சாக்லேட்.

"சார், பத்தே நிமிஷம். இது இவரு, இது சாதாரண மனுசன். எது மொதல்ல உருகுதுன்னு நீங்களே பாருங்க."

பார்த்தோம். சின்ன முதலாளி போனைப் பார்த்துக்கொண்டே பார்த்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஏழு ஆயிற்று. என் முதுகில் வியர்வை காய்ந்து குளிர் எடுத்தது. அப்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். நிமிர்ந்து நாலு பக்கமும் ஜன்னலைத் தேடினார். அந்த ஏசி அறைக்கு ஜன்னலே இல்லை.

பத்து நிமிஷம் முடிந்தது. சின்ன முதலாளி கறுப்புத் துண்டில் இருந்த சாக்லேட்டைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். "நல்லாத்தானே இருக்கு?" என்றார். இன்னொன்றை என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எப்போதும் வராது. வாங்கிச் சாப்பிட்டேன். கல் மாதிரி இருந்தது. அண்ணனின் சாட்சியை அவர் கண் முன்னாலேயே நான் மென்று விழுங்கினேன்.

"சார், வெளிய வந்து அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க சார்."

"நான் எதுக்குப்பா நிக்கணும்? அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க. அவ்வளவு அக்கறை இருந்தா நீயும் போய் நில்லு."

நின்றார். வாசலின் அந்தப் பக்கம் இருந்தவரை மாற்றிவிட்டு இவருக்குக் கறுப்புச் சட்டை மாட்டினார்கள். காலையில் வெள்ளைச் சட்டையில் வருவார், மாற்றிக்கொள்வார், நிற்பார். கதவைத் திறக்கும்போதெல்லாம், "வாங்க மேடம், கறுப்பு வோணாம் மேடம்" என்று மெதுவாகச் சொல்லி அனுப்புவார். எனக்குத் தண்ணீர் கொடுப்பார். வெயில் திரும்பும்போது என் பக்கம் வந்து நின்று தன் நிழலை என் மேல் போடப் பார்ப்பார். அவர் என்னைவிட ஒரு சாண் குள்ளம். நிழல் என் முழங்காலுக்குத்தான் வந்தது.

அவரும் நிற்க ஆரம்பித்த ஒன்பதாம் நாள், கதவைத் திறந்த கையோடு நான் கீழே விழுந்தேன். கண் விழித்தபோது வாசல் படியில் கிடந்தேன். என் கறுப்புச் சட்டையைக் கழற்றிவிட்டு, தன் வெள்ளைச் சட்டையை எனக்குப் போட்டு, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார் அண்ணன். சுற்றிலும் கூட்டம். சின்ன முதலாளியே இறங்கி வெளியே வந்துவிட்டார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

அண்ணன் என் கறுப்புச் சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்தார். எப்போது அதை அங்கே போட்டார் என்று எனக்குத் தெரியாது. தாளிலிருந்து பழுப்பாக ஒழுகியது. அதைச் சின்ன முதலாளியின் உள்ளங்கையில் வைத்தார்.

சின்ன முதலாளி கையைப் பார்த்தார். வாசலில் இருந்த ஜாடியைப் பார்த்தார். முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு கவலை தெரிந்தது.

"ஐயையோ, இவ்வளவு சூடா? சாக்லேட் எல்லாம் வீணாப் போகுமே. யாருப்பா அங்க, அந்த ஜாடிய ஏசிக்குள்ள எடுத்து வைங்க."

ஜாடியை எடுத்து வைத்தார்கள்.

அண்ணன் தான் போட்டிருந்த கறுப்புச் சட்டையைக் கழற்றினார். பதினொரு வருஷத்தில் ஒரு துணியைக்கூட அவர் மடித்து நான் பார்த்ததில்லை. அதை மட்டும் அழகாக மடித்து, ஜாடி இருந்த இடத்தில் வைத்தார். "நைனா, தண்ணி குடி" என்றார். பனியனோடு, வேட்டி தைத்த குடையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அப்புறம் வரவில்லை. பெசன்ட் நகர் கடற்கரையில் குடைக்கு வெள்ளை உறை தைத்து விற்கிறார் என்று யாரோ சொன்னார்கள். யாரும் வாங்குவதில்லை என்றும் சொன்னார்கள். போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு விடுமுறை நாளும் நினைக்கிறேன். போய் என்ன பேசுவது என்று தெரியாமல் இருந்துவிடுகிறேன். நான் இன்னும் அதே வாசலில்தான் நிற்கிறேன், அதே கறுப்பில்.

அந்த வெள்ளைச் சட்டை என்னிடம் இருக்கிறது. இரவு துவைத்துக் காயப்போட்டு, தினமும் கறுப்புக்கு உள்ளே போட்டுக்கொள்கிறேன். மேலே கறுப்பு இருக்கும்போது உள்ளே வெள்ளை போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை, இன்னும் கொஞ்சம் புழுங்கத்தான் செய்யும். அவரிடம் பதினொரு வருஷம் பாடம் கேட்டவனுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் போட்டுக்கொள்கிறேன்.